காற்றில்லாத நாளில் ஏறிய கடல்: தவறிப்போன ஒரு சிமுலேஷனின் நிகழ்வு ஆய்வு

நான் இயற்பியல் ஆசிரியர். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊரின் நூலகத்தில், கோடை விடுமுறை ஞாயிறுகளில் பதினொன்றாம் வகுப்பு முடித்த எட்டுப் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். பாடப்புத்தகத்தை எடுப்பதில்லை. ஊரில் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஏன் அப்படி நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த முறை எடுத்துக்கொண்டது, கடல் ஏறிய சங்கதி. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அதற்கு ஒரு சிமுலேஷன், அதாவது கணினியில் ஓடிக்காட்டும் ஒரு மாதிரி, எழுதவைத்தோம். அது தவறாக இருந்தது. அந்தத் தவறால் ஒரு குடும்பத்தின் வலை கிழிந்தது. எங்கே தவறியது, எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படித் திருத்தினோம் என்பதை, இதே வேலையில் இறங்கும் மற்ற ஆசிரியர்களுக்காக விட்டுவைக்காமல் எழுதுகிறேன்.

அன்று நடந்தது

சித்திரை மாதக் கடைசி. மதியம் இரண்டு மணி இருக்கும். வானத்தில் மேகம் இல்லை, தென்னை ஓலை அசையவில்லை. அப்படியொரு நேரத்தில் கடல் மணல்மேட்டைத் தாண்டி வந்து, கரையோர வீடுகளின் முற்றத்தை நனைத்துவிட்டுத் திரும்பியது. பிறகு மறுபடி வந்தது. காயப்போட்டிருந்த நெத்திலி மிதந்து போனது. ஒரு வீட்டுத் திண்ணையில் கால்முட்டு உயரத்துக்கு ஈரக்கோடு விழுந்திருந்ததை மறுநாள் நானே பார்த்தேன்.

"காத்தே இல்லையே சார், பின்ன எப்படி கடல் ஏறுச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் வீடுதான் அது.

கேரளக் கரையிலும் நம் மேற்குக் கரையிலும் இதற்குப் பெயர் உண்டு. கள்ளக்கடல். திருடனைப் போல, முன்னறிவிப்பு எதுவும் காட்டாமல் வந்து அடித்துவிட்டுப் போவதால் அந்தப் பெயர். கடலியல் ஆய்வுக் கட்டுரைகளிலும் இன்று இந்தச் சொல்லையே அப்படியே எழுதுகிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இதே பெயரில்தான் எச்சரிக்கை விடுகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இது வெறும் பாடமாக இருக்க முடியாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் தென் தமிழகக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கை என்ற சொல் காதில் விழுவதும், அது எதைப் பற்றியது என்று புரிவதும் வேறு வேறு. கண்முன்னே அமைதியாகக் கிடக்கும் கடல் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்யும் என்று புரிந்திருந்தால்தான் எச்சரிக்கைக்கு மதிப்பு வரும். அதனால்தான் அந்த மாணவியின் கேள்வியைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் சிமுலேஷன்

கேள்வியைத் தமிழிலேயே தட்டெழுதினோம். "காற்று இல்லாத நாளில் கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கரையில் கடல் ஏன் ஏறும்?" முதல் பதிலில் பௌர்ணமி ஓதம் என்று வந்தது. "அன்னைக்கு பௌர்ணமி இல்ல சார், அமாவாசையும் இல்ல" என்றான் ஒரு பையன். அதுபோக, நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்கும் குறைவு. இதைச் சொன்னதும் பதில் மாறியது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், தெற்கு அட்சரேகை நாற்பது பாகைக்கும் தெற்கே, வீசிய புயல்காற்று எழுப்பிய நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வருகின்றன என்றது. இது சரி. உலக உருண்டையை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். முட்டத்திலிருந்து நேர் தெற்கே விரலை ஓட்டினால் அண்டார்ட்டிகா வரை தண்ணீர்தான். வழியில் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்று இரண்டு சின்னத் தீவுகள், அவ்வளவுதான். எங்கள் ஊர் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அடுத்து, "இதைப் பைத்தான் நிரல்மொழியில் சிமுலேஷனாக எழுதிக் கொடு. தெற்கே 40 பாகையில் புயல், வடக்கே 8 பாகையில் முட்டம்" என்றோம். ஒரு நிமிடத்துக்குள் அறுபது வரிகள் வந்தன. உலாவியிலேயே ஓடும் இலவசத் தளத்தில் ஒட்டியதும் நீலக் கோடுகள் தெற்கிலிருந்து புறப்பட்டு மேலே ஏறி வந்தன. மூலையில் கடிகாரம் ஓடியது. கோடு முட்டத்தைத் தொட்டபோது கடிகாரம் 2.2 நாள் காட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். 5,300 கிலோமீட்டரை 2.2 நாளால் வகுத்தால் மணிக்கு 100 கிலோமீட்டர் வரும். 18 விநாடிக்கு ஒருமுறை வரும் அலைக்கு ஆழ்கடலில் அதுதான் வேகம். அலை வேகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. சரியாக வந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். ஒரு பையன் அதைத் திரைப்பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அங்கிருந்து ஊர்க்குழுவுக்குப் போனது. "தெக்க காத்து அடிச்சா ரெண்டாம் நாள் இங்க கடல் ஏறும்" என்ற தலைப்போடு போனது. அனுப்பலாமா என்று என்னைக் கேட்டுத்தான் அனுப்பினான். அனுப்பு என்றது நான்.

ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. அந்த மாணவியின் பாட்டா, அதாவது தாத்தா. நாற்பது வருடம் வள்ளத்தில் போனவர். "சாரே, எல்லா அலையும் ஒண்ணுபோல வருதே இதுல. அப்படி வராது, கேட்டியளா. முதல்ல வாறது நீளமா, மெதுவா, கடல் மூச்சு விடுற மாதிரி வரும். ஒரு நாள் கழிஞ்சா நெருக்கமா வரும்" என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். அனுபவம் சொல்கிறார், விரிவாகப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்ன அந்த இரண்டு வரியில்தான் முழுத் தவறும் அடங்கியிருந்தது.

இரண்டாம் நாள் வராத கடல்

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில், காற்று வரைபடம் காட்டும் செயலியில் தெற்கே பெரிய சுழலைப் பிள்ளைகள் பார்த்தார்கள். புயல் தன் உச்சத்தில் இருந்தது. எங்கள் சிமுலேஷன்படி புதன் மதியம் கடல் ஏற வேண்டும். குழுவில் செய்தி போட்டார்கள். செவ்வாய் மாலை கரையோர வீட்டுக்காரர்கள் வலைகளை மேலே தூக்கிவைத்தார்கள்.

புதன்கிழமை கடல் குளம்போலக் கிடந்தது. வியாழனும் அப்படியே. "இந்தத் தடவை இல்ல போல" என்று அந்த மாணவியின் அப்பா வலையை மறுபடி மணலுக்கு இறக்கினார். வியாழன் மாலை அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தது, வெள்ளி முதல் கவனமாக இருக்கச் சொல்லி. "அதுதான் புதன்கிழமையே கழிஞ்சிட்டே, பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல காட்டிச்சே" என்று அவர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வெள்ளி இரவு ஏழு மணி வாக்கில் கடல் ஏறியது. வலையில் பாதி மணலுக்குள் புதைந்து, இழுத்தபோது கிழிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போய், தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கோபப்படவில்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நெனச்சேன் சாரே" என்றார். பிழையான ஒரு கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அசைகிற படமாகக் காட்டியதால் நம்பினார். இந்த நிகழ்வில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பு, ஒரு சிமுலேஷன் எழுத எனக்கு இரண்டு மூன்று வாரமாகும். அந்த வாரங்களில் ஒவ்வொரு வரியோடும் மல்லுக்கட்டுவேன், பாதிப் பிழை அங்கேயே வெளிப்படும். இப்போது படம் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது, மல்லுக்கட்டும் நேரம் இல்லாமல் போய்விட்டது. அந்த நேரத்தை நாமே வலிந்து திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மாடியில் எண்ணிய அலைகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோரும் நூலக மொட்டைமாடியில் ஏறினோம். கரைக்கு இறங்கவே கூடாது என்று முதலில் சொல்லிவிட்டேன். அலை உடையும் இடத்தைப் பார்த்து எண்ணினால் குழப்பம் வரும். தூண்டில் வளைவுக்கு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல்சுவருக்கு, வெளியே நங்கூரமிட்டுக் கிடந்த வள்ளம் ஒன்றைக் குறிவைத்தோம். அது மேலே எழும் ஒவ்வொரு முறையும் ஒரு அலை.

முதல் எண்ணிக்கையிலேயே ஒரு தவறு. பத்து எழுச்சியை எண்ணிவிட்டு நேரத்தைப் பத்தால் வகுத்தார்கள். பத்து எழுச்சிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒன்பதுதான். பதினொன்றாவது எழுச்சிவரை எண்ண வேண்டும். இதைத் திருத்தி மூன்று முறை எண்ணிச் சராசரி எடுத்தோம். பத்து இடைவெளிக்கு 165 விநாடி, அதாவது அலைக்கு 16.5 விநாடி. ஞாயிறு காலை அதே ஏழு மணிக்கு மறுபடி எண்ணினோம். பத்து இடைவெளிக்கு 140 விநாடி. அலைக்கு 14.

பாட்டா சொன்னது அப்படியே எண்ணாக வந்து நின்றது. முதலில் நீளமானவை, பிறகு நெருக்கமானவை.

ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் நேர இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி நீண்டால் வேகம் கூடும். ஒரே புயலில் ஒரே நேரத்தில் புறப்பட்டாலும், 18 விநாடி அலைகள் முந்திக்கொண்டு வரும், 14 விநாடி அலைகள் பின்தங்கும். ஓட்டப்பந்தயத்தில் தூரம் கூடக்கூட முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடைவெளி அகலுவது போலத்தான். அப்படியானால், கரையில் நின்றபடி அந்த அகலத்தை அளந்தே, பந்தயம் எவ்வளவு தூரத்தில் தொடங்கியது என்று சொல்லிவிடலாம். வால்டர் மங்க் என்ற கடலியலாளரும் அவர் குழுவினரும் 1963-இல் இந்த வழியில்தான் அண்டார்ட்டிகாவை ஒட்டிய கடலில் பிறந்த அலைகளை நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை தொடர்ந்து அளந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரு கைப்பேசியும் ஒரு வள்ளமும்.

எங்கள் சிமுலேஷன் பயன்படுத்திய வேகத்தையே வைத்துப் போட்டோம். 24 மணி நேரத்தில் 16.5 விநாடி 14 ஆகக் குறைய வேண்டுமானால், புயல் 12,450 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்திருக்க வேண்டும்.

ஒரு மாணவி உருண்டையில் நூலை வைத்து அளந்தாள். முட்டத்திலிருந்து தென் துருவமே 10,900 கிலோமீட்டர்தான். எங்கள் சிமுலேஷனை நம்பினால், அந்த அலைகள் துருவத்தையும் தாண்டிய பனிக்கட்டியின் மேல் பிறந்திருக்க வேண்டும்.

அறையே அமைதியானது. என் ஆசிரியர் வாழ்க்கையில் ஒரு பிழை இவ்வளவு தெளிவாகத் தன்னைக் காட்டிக்கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

பாதி வேகம்

தவறு எங்கே என்றால், அலைக்கு இரண்டு வேகம் உண்டு. முகடு, அதாவது அலையின் உச்சி, ஓடும் வேகம் ஒன்று. அலைகளின் கூட்டம் முழுவதும் நகரும் வேகம் இன்னொன்று. ஆற்றல் கூட்டத்தோடுதான் பயணிக்கிறது. ஆழ்கடலில் கூட்டத்தின் வேகம் முகட்டின் வேகத்தில் சரியாகப் பாதி. 18 விநாடி அலையின் முகடு மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடுகிறது, கூட்டமோ 50 கிலோமீட்டர்தான் நகர்கிறது. பள்ளிப் பாடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் "அலைநீளம் பெருக்கல் அதிர்வெண்" முகட்டின் வேகத்தைத் தருவது. சிமுலேஷன் அதைத்தான் எடுத்துக்கொண்டது. நான் சரிபார்த்ததும் அதே சூத்திரத்தில்தான். தவறு செய்த அளவுகோலாலேயே தவறை அளந்தால் எல்லாம் சரியாகத்தான் வரும்.

பாதி வேகத்தைப் போட்டதும் தூரம் 6,200 கிலோமீட்டராக இறங்கியது. முட்டத்திலிருந்து தெற்கே 6,200 கிலோமீட்டர் என்றால் தெற்கே ஏறத்தாழ 48 பாகை. செயலியில் பார்த்த சுழல் 45-க்கும் 50-க்கும் நடுவில்தான் இருந்தது. நேரமும் பொருந்தியது. அந்தத் தூரத்துக்கு 18 விநாடிக் கூட்டம் வர 5 நாளும் சில மணியும் ஆகும். ஞாயிறு மாலையில் புறப்பட்டிருந்தால் வெள்ளி இரவு ஏழு மணிக்கு ஊரைத் தொடும்.

இந்தப் பொருத்தத்தை நான் அளவுக்கு மீறிக் கொண்டாடவில்லை. ஞாயிறு எண்ணிக்கையில் 140 விநாடிக்குப் பதில் 135 என்று அளந்திருந்தால் விடை 5,000 கிலோமீட்டர் ஆகியிருக்கும். ஐந்து விநாடிப் பிசகில் 1,200 கிலோமீட்டர் போய்விடுகிறது. ஆனால் 6,200-ஆ 5,000-ஆ என்ற ஐயம் வேறு, துருவத்துக்கு அப்பாலா இப்பாலா என்ற கேள்வி வேறு. இரண்டாவதற்கு எங்கள் அளவு போதும்.

முகடு ஏன் கூட்டத்தைவிட வேகமாக ஓட வேண்டும், ஓடி எங்கே போகிறது? இதற்குச் செயற்கை நுண்ணறிவு தந்த வார்த்தை விளக்கம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் பிள்ளைகள் முகத்தில் வெளிச்சம் வரவில்லை. ஊர்க்குளத்துக்குப் போனோம். கூழாங்கல்லை எறிந்து கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தோம். ஒன்றும் தெரியவில்லை. திரும்பக் கேட்டபோதுதான் காரணம் கிடைத்தது. அலைநீளம் 1.7 சென்டிமீட்டருக்கும் குறைந்த சிற்றலைகளை ஆள்வது நீரின் பரப்பு இழுவிசை. அவற்றில் கூட்டம்தான் முகட்டைவிட வேகமாகப் போகும், நாங்கள் தேடியதற்கு நேர்மாறாக. பெரிய கல் வேண்டும். தலை அளவு கருங்கல் ஒன்றை இரண்டு பையன்கள் தூக்கிப் போட்டார்கள்.

படத்தை ஓட்டிப் பார்த்தோம். வளையங்களின் கூட்டம் விரிந்துகொண்டே போகிறது. அதன் உட்புற ஓரத்தில், தட்டையான நீரிலிருந்து ஒரு முகடு மெல்ல எழுகிறது. கூட்டத்துக்குள் நுழைந்து நடுவில் பெருத்து முன் ஓரத்துக்கு வருகிறது. அங்கே தேய்ந்து காணாமல் போகிறது. அது மறையும்போது பின்னால் வேறொன்று பிறந்துவிட்டது. பத்து முறை போட்டுப் பார்த்தோம். கரைமடி, அதாவது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை, வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்த ஒரு பெண் சொன்னாள்: "கரைமடி இழுக்கும்போது கடைசில நிக்கிற ஆளு கயித்த விட்டுட்டு முன்னால ஓடித் தண்ணிக்கிட்ட பிடிப்பாங்கல்லா சார், அதுபோல. ஆளு ஓடுறது வேற, கூட்டம் நவருறது வேற." ஒப்புமை முழுக்கப் பொருந்தாது. ஆனாலும் முகட்டின் வேகத்தையும் கூட்டத்தின் வேகத்தையும் இனி அவள் குழப்பிக்கொள்ள மாட்டாள்.

கருவி எப்படி நடந்துகொண்டது

தவறைச் சுட்டியதும் செயற்கை நுண்ணறிவு உடனே ஒப்புக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது, கூட்ட வேகத்தைப் போட்டுத் திருத்தியது. நல்லது. ஒரு பையனுக்குச் சந்தேகம். வேறொரு உரையாடலைத் திறந்து, திருத்திய சிமுலேஷனைக் கொடுத்து, வேண்டுமென்றே "இது தவறு, முகட்டு வேகம்தான் சரி" என்று எழுதினான். அதற்கும் மன்னிப்புக் கேட்டுப் பழைய தவறுக்கே திரும்பிவிட்டது. இரண்டு தடவையும் விளக்கம் ஒரே தெளிவோடு, ஒரே உறுதியோடு இருந்தது.

இதனால் அதைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கேட்கும் விதத்தை மாற்றினோம். "எது சரி" என்று கேட்பதை விட்டோம். "இரண்டு வேகங்களில் எதை எடுத்தாலும், கரையில் நிற்கிறவர் 24 மணி நேரத்தில் என்ன பார்ப்பார் என்று தனித்தனியே கணக்கிட்டுக் கொடு" என்று கேட்டோம். இரண்டையும் பிசகில்லாமல் போட்டுக் கொடுத்தது. எது சரி என்பதை மாடியில் எண்ணிய எண்கள் முடிவு செய்தன. தீர்ப்பை அதனிடம் கேட்டபோது எங்கள் முகம் பார்த்துப் பேசியது. விளைவைக் கேட்டபோது நன்றாக உழைத்தது. இதற்கு முன் எந்தப் பயிற்சியிலும் எனக்கு இவ்வளவு பயன் கிடைத்ததில்லை.

இன்னொன்றையும் பழக்கமாக்கினோம். ஒவ்வொரு சிமுலேஷனையும் விடை முன்பே தெரிந்த ஒரு நிலைக்குத் தள்ளிப் பார்ப்பது. நீரின் ஆழத்தை ஒரு மீட்டராகக் குறைத்தால் முகடும் கூட்டமும் ஒரே வேகத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டரில், போக வேண்டும். புயலையே எடுத்துவிட்டால் கடல் சும்மா கிடக்க வேண்டும். இதில் இரண்டாவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் எங்கள் மூன்றாவது வடிவத்தில், புயலை எடுத்த பிறகும் கரையில் அலை வந்தது. ஒரு எல்லை நிபந்தனையை மாற்றி எழுதியிருந்தது, வடக்கே மோதிய அலை தெற்கிலிருந்து திரும்ப நுழைந்துகொண்டிருந்தது. அந்தச் சோதனை இல்லாவிட்டால் கண்டிருக்கவே மாட்டோம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இயற்கையைச் சிமுலேஷன் செய்ய இன்று செயற்கை நுண்ணறிவு வருகிற வழி இரண்டு. கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் போன்றவை பல பத்தாண்டு வானிலைத் தரவைப் படித்து, சமன்பாடு எதையும் தீர்க்காமலேயே பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணிக்கின்றன. 2023-இல் அந்த ஆய்வு வெளியானது. நாங்கள் செய்தது அது இல்லை. ஏற்கெனவே தெரிந்த சமன்பாட்டை நிரலாக எழுதித் தரச் சொன்னோம், அவ்வளவே. முன்னதில் தவறு தரவில் ஒளிந்திருக்கும், தேடுவது கடினம். எங்கள் வகைத் தவறு ஒரு வரியில் இருக்கும், பதினோராம் வகுப்புப் பிள்ளையாலும் பிடிக்க முடியும். பள்ளிக்கு இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

கரையில் என்ன ஆகிறது

மாணவியின் கேள்விக்கு இன்னும் பாதி விடை பாக்கி. அலை வந்தது சரி, முற்றம் வரை ஏன் ஏறியது? இந்தப் பகுதியில் நிரல் முதல் முறையே சரியாக வந்தது. கையால் போட்டும் சரிபார்த்தேன்.

ஆழ்கடலில் 18 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 500 மீட்டர். அதன் உயரம் ஒரு மீட்டர் என்றால், வள்ளத்தில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. வழக்கமான 8 விநாடிக் காற்றலையின் நீளம் 100 மீட்டர். கரையை நெருங்கி ஆழம் குறைந்ததும் இரண்டும் வேகம் குறைகின்றன. பின்னால் வரும் ஆற்றல் நெருக்க, உயரம் கூடுகிறது. நீள அலை வேகத்தில் அதிகம் இழப்பதால் உயரத்தில் அதிகம் பெறுகிறது. மூன்று மீட்டர் ஆழத்தில் நீள அலை 1.6 மீட்டர் ஆகிறது, குட்டை அலை 1.1 மீட்டரில் நிற்கிறது. உடைந்த பிறகு மணலில் ஏறும் உயரமோ, அலைநீளத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து கூடும். நீளம் ஐந்து மடங்கு என்றால் ஏற்றம் இரண்டு மடங்குக்கும் மேல். கடலில் ஒரே உயரம் காட்டிய இரண்டு அலைகளில் ஒன்று மணல்மேட்டின் அடியிலேயே நின்றுவிடும், மற்றது மேட்டைத் தாண்டித் திண்ணையில் ஈரக்கோடு போடும்.

இன்னொரு ஆபத்தும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நீண்ட அலைகளும் கூட்டம் கூட்டமாகத்தான் வருகின்றன. ஒரு பெரிய கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில நிமிடம் கடல் அமைதியாகக் கிடக்கும். அந்த அமைதியில்தான் ஆட்கள் தண்ணீருக்கு இறங்குகிறார்கள். சிமுலேஷனில் இந்த இடத்தை வேகம் குறைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். ஊர்க்காரர்கள் அதிகம் கேள்வி கேட்டதும் இங்கேதான்.

இப்போது

திருத்திய படத்தை அதே குழுவில், அதே பையனைக் கொண்டு போடவைத்தோம். முதல் படம் தவறு என்றும், எங்கே தவறு என்றும் அவனே தன் குரலில் சொல்கிறான். படத்தின் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: "இது புரிந்துகொள்ள மட்டும். எப்போது கடல் ஏறும் என்று அறிய இன்காய்ஸ் எச்சரிக்கையைப் பாருங்கள்." கிழிந்த வலையைச் சரிசெய்ய நான் கொடுத்த பணத்தை அந்த அப்பா வாங்கவில்லை. மாடியில் அலை எண்ண அடுத்த முறை தன்னையும் கூப்பிடச் சொன்னார்.

பாட்டாவுக்கும் புதிய படத்தைப் போட்டுக் காட்டினோம். நீள அலை முதலில், குட்டை அலை பிறகு. தலையாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. ஆனா நம்ம ஊர்ல ஏறுது, அடுத்த ஊர்ல ஏறல்ல. ஒரே கடல், ஒரே அலை. அத காட்டுதா இது?" என்றார்.

காட்டவில்லை. எங்கள் சிமுலேஷனில் கடலடி ஒரே சரிவான பலகை. நிஜத்தில் அங்கே பாரும் (கடலடிப் பாறைத்திட்டு) பள்ளமும் இருக்கின்றன, அவை அலையை வளைத்து ஓரிடத்தில் குவிக்கின்றன, இன்னோரிடத்தில் பரப்புகின்றன. அதைக் காட்ட ஊருக்கு எதிரே உள்ள ஆழங்கள் வேண்டும். கேட்டதும் பாட்டா கண்ணை மூடிக்கொண்டார். கோயில் கோபுரத்தையும் பின்னால் இருக்கும் மலையையும் ஒன்றுசேர்த்துக் கணியம் பிடித்து, அதாவது கரை அடையாளங்களால் கடலில் இடம் குறித்து, எந்தெந்த இடத்தில் எத்தனை பாகம் என்று சொல்லத் தொடங்கினார். ஒரு பாகம் ஆறு அடி. பேத்தி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதுவரை இருபத்து மூன்று இடம் ஆகியிருக்கிறது. அடுத்த ஞாயிறு மேற்குப் பக்கத்துப் பாரைத் தொடங்குகிறோம்.